நின்ற வண்டிக்கு மேடை வேண்டாம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பழைய கார் சங்கத்துப் பிள்ளைகளே, அவர்களைக் கட்டிக்கொண்டு நான் பட்டதையே பட்டுக்கொண்டிருக்கும் பெண்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய செயலாளர், நீங்கள் பெரிய ஸ்பேனர் ஐயா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் மறைந்ததால் அவர் குடும்பம் திக்குத் தெரியாமல் நிற்கிறது என்றார். யார் நிற்கிறார்கள்? மூத்த பேரன் கப்பலில் இஞ்சினியர். அவன் தங்கை, இதோ வாசல் பக்கம் காகிதத்தோடு இருக்கிறாளே, லாரி தொழிற்சாலையில் இஞ்சின் சோதிக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அவளுக்குக் கீழே பதினான்கு ஆண்கள். மூன்றாமவள் கணக்கில் நூற்றுக்கு நூறு, தொடர்ந்து மூன்று வருஷம். கடைக்குட்டி நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கியவன் இவனைவிட இரண்டு வயது மூத்தவன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் நின்ற இன்னொன்று அந்தப் பச்சைக் கார். இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறது.

அதைத்தான் இந்தச் சங்கத்து வாசலில் மேடை கட்டி, கம்பி வேலி போட்டு, நினைவுச் சின்னமாக வைக்கப் போவதாகச் சற்று முன் தீர்மானம் வாசித்தார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பெரிய ஸ்பேனர் நல்ல மனிதர். நான் இல்லையென்று சொல்லவில்லை. அவருடைய நல்ல குணத்தோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் நான். பேரிங்கைக் குளிரவைத்தால் சுருங்கும், சுலபமாக உள்ளே இறங்கும் என்று ஃப்ரீசரில் வைப்பார். பக்கத்தில் என் பச்சைப் பட்டாணி. பெயின்ட் அடித்த மூடியை என் கேக் அடுப்பில் வைத்துக் காயவைப்பார். அதற்குப் பிறகு அந்த அடுப்பில் எதைச் சுட்டாலும் கராஜ் வாசனை. சண்டை போட்டால் கோபப்படவும் மாட்டார். "இன்னும் பத்து நிமிஷம்மா, காஞ்சிடும்" என்பார். கோபப்படாத மனிதரோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது?

அந்தக் கார் ஏன் ஓடவில்லை தெரியுமா? அவருக்கு வேலை தெரியாமலா? இந்த ஊரில் பாதி வண்டிகளை அவர்தான் எழுப்பி விட்டார். எதை வைத்து எழுப்பினார்? பச்சைக் காரில் இருந்து கழற்றித்தான். உங்கள் வண்டிகளும் அதே ரகம். யார் வந்து வாசலில் நின்றாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: ஓடுகிற வண்டி நிற்கக் கூடாது, நம்முடையது நிற்கிற வண்டிதானே. திங்கட்கிழமை மாட்டுவார், வியாழக்கிழமை கழற்றுவார். செயலாளர் வண்டியில் இருக்கும் கார்பரேட்டர் எங்களுடையது. ஓட்டுநர் பள்ளி அம்மாவின் வண்டிக்கு இடது கதவு எங்களுடையது. கதவு போன பக்கத்தில் இன்றைக்கும் என் பழைய போர்வைதான் தொங்குகிறது.

ஒரே ஒரு சனிக்கிழமை அந்தக் கார் முழுசாக இருந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது. என் அக்கா வீட்டுக்கு இதில்தான் கூட்டிப் போவேன் என்று சொல்லிச் சொல்லி, அன்றைக்குத்தான் இஞ்சினைக் கிளப்பினார். நான் இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பல் டாக்டர் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். ரேடியேட்டர் ஓட்டை, மகளையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும் என்றார். இவர் என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் எறங்கேன்."

"நான் எறங்க மாட்டேன்."

"சரி, ஒக்காந்தே இரு. ரேடியேட்டர் முன்னாடிதானே இருக்கு."

நான் உட்கார்ந்திருக்க, என் கண்ணெதிரே பானெட்டைத் திறந்து கழற்றிக் கொடுத்தார். டாக்டர், தலை குனியாதீர்கள், அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு, நன்றாக இருக்கட்டும். ஆனால் நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வேறு காரில் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வாக்கை அவர் காப்பாற்றட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவரும் போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "ரேடியேட்டர் மட்டும் கெடச்சா போதும், போயிடலாம்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அக்காவுக்கு எண்பத்து நான்கு வயது. இனி எப்போது?

அதனால் உங்கள் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை. மற்றவர் வண்டி ஓட வேண்டும் என்று தன் வண்டியைப் பூட்டிப் பூட்டிக் கழற்றியவருக்கு, ஓடாத வண்டியையா மாலை போட்டு வைப்பீர்கள்? இருபத்திரண்டு வருஷம் நின்றது போதாதா?

அதற்காக உங்கள் வண்டியில் இருப்பதைக் கழற்றிக் கொண்டு வராதீர்கள். அப்படிச் செய்தால் அவர் மனம் பொறுக்காது. வேறு தேடுங்கள். பழைய இரும்புக் கடை, வண்டி ஷெட், பரண் எல்லாம் தேடுங்கள். என்னென்ன இல்லை என்று வாசல் பக்கம் இருக்கும் பேத்தி எழுதி வைத்திருக்கிறாள், அவர் சொன்ன ரேடியேட்டரோடு சேர்த்து இருபத்தேழு சாமான். வெளியே போகும்போது, யார் எதைக் கொண்டு வருவீர்கள் என்று அதற்கு நேரே பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பூட்டுவது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் கராஜ் திறந்திருக்கும். ஃப்ரீசரில் இடம் ஒதுக்கித் தருகிறேன். பெரிய ஸ்பேனர் ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இதுவரை ஆறு பேர் பேசினீர்கள். தொடர்வது என்றால் இதுதான்.

தலைவர் அவர்களே, கடைசியாக ஒன்று. உங்கள் சங்கத்துப் போன் குழுவில் அந்தக் கார் மரக்கட்டைகள் மேல் ஏறி நிற்கிற படத்தைத்தான் அஞ்சலி என்று போட்டிருக்கிறீர்கள். என் அக்காவுக்கும் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள், பார்த்துவிட்டு அழுதாளாம். அதை எடுத்துவிடுங்கள். வண்டி அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிற அன்றைக்கு, நாலு சக்கரமும் தரையில் தெரியும்படி, எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, புதுப் படம் ஒன்று எடுத்துப் போடுங்கள்.