மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவள்

— அந்த எடத்துல நீங்க இருமுனது கூட இருக்குதுங்க.

— இருமலையுமா டைப் அடிச்ச?

— 'க்ஹும்... க்ஹும்...'னு. நடுவுல மூணு புள்ளி வச்சி.

— செல்வி! அது கொலைகாரன் கதவைத் தட்டுற எடம்!

— எனக்கு எப்டித் தெரியும்? ஆபீஸ் போக தெனம் கடலூர்ல பஸ் ஏறுறீங்க. சிதம்பரம் எறங்குற வரைக்கும் போன்ல நாவல் சொல்லி வாய்ஸ் அனுப்புறீங்க. மஞ்சக்குப்பத்துல வீட்டுல உக்காந்து நான் அடிக்கிறேன். எது கதை, எது வீட்டுப் பேச்சுன்னு... காதுல விழுந்தது கையில வந்துடிச்சி.

— பேரைச் சொல்லில்ல கூப்புட்டேன்! 'செல்வி, கேஸ் புக் பண்ணிட்டியா'ன்னு துப்பறியறவனா கேப்பான்?

— ஏன், அவன் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?

— சத்தமா சிரிக்காத. முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாக்குறாரு.

— பாக்கட்டும். வாசல்ல கறிவேப்பிலை மரம் தெரு வரைக்கும் கெளை நீட்டிக்கிட்டு நிக்குது. 'செல்வி, கறிவேப்பிலை வாங்கி வையி'ன்னு சொன்ன மனுஷன்தான நீங்க? அதுவும் ஏழாம் அத்தியாயத்துல பத்திரமா இருக்குது.

— மறதி... வயசாவுதில்ல.

— காது ஏன் இப்டி செவந்து கெடக்குது?

— ஜன்னல் வெயிலு.

— சரி, அந்தப் பதிப்பக மேடம்... எழிலரசி... போன்ல என்னாதான் சொன்னாங்க? நேத்துலேர்ந்து பாதி சொல்றீங்க, பாதிய முழுங்குறீங்க.

— புஸ்தகமா போடலாம்னாங்க.

— அடேயப்பா! அப்பறம் ஏன் மூஞ்சிய இப்டி வச்சிருக்கீங்க?

— எத்தினி வருஷமா வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதுறேன்! வெள்ளிக்கிழமை கதாநாயகி கிணத்துல தொங்குவா, சனிக்கிழமை அந்தக் காகிதத்துல கடைக்காரன் வடை மடிப்பான். மொத தடவையா அட்டை போட்ட புஸ்தகம். ஆனா அவுங்களுக்குப் புடிச்சது என் கொலை இல்ல, செல்வி.

— பின்ன?

— உன் கேஸ் புக்கிங்கு.

— என்னாது?

— மூணாம் அத்தியாயத்துல கதை சொல்ற துப்பறியறவன் என்னா சொல்றான்? 'என் மனைவி செல்வி இறந்து ஓராண்டு ஆகிறது.' அஞ்சாம் அத்தியாயத்துல அதே செல்விகிட்ட கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேக்குறான். 'அப்ப இவன் ஆரம்பத்துலேர்ந்தே நம்மகிட்ட பொய் சொல்றான் சார்! இனிமே இவன் சொல்ற எதை நம்புறது?'ன்னு அந்தம்மா போன்லயே துள்ளுறாங்க.

— ஆத்தாடி...

— இரு, இன்னும் முடியல. இருமலு, கண்டக்டரு சத்தம், 'முட்லூர்லாம் எறங்கு'... அதுவும் தனி வரியா இருக்குது. கதை எப்டி எழுதப்படுதுங்கிறத கதைக்குள்ளயே காட்டுதாம். சோதனை நாவலாம்.

— நல்லதுதானங்க?

— நல்லதுதான். ஆனா இன்னிக்கு சிதம்பரத்துல எதிர்ல உக்கார வச்சி ஒரே கேள்வி கேப்பாங்க. 'இது யோசிச்சி செஞ்சதா, கை தவறி வந்ததா?' கை தவறுனதுன்னா, அதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் சாதாரண மர்மக்கதை. அது அவுங்களுக்கு வேணாமாம்.

— யோசிச்சி செஞ்சதுன்னு சொல்லிட்டுப் போங்களேன்!

— பொய் சொல்லச் சொல்றியா?

— பொழுதன்னிக்கும் பொய்யா எழுதுறவருக்கு ஒண்ணு ஜாஸ்தியானா கசக்குதா?

— காகிதத்துல எத்தினி வேணா சொல்லுவேன். நேர்ல சொன்னா என் காதே காட்டிக் குடுத்துடும். உனக்குத் தெரியாதா?

— தெரியாமலா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, கேசரி நல்லாருக்குதுன்னு சொன்னப்பவே பாத்தேனே.

— அதான் உன்னையும் கூட்டிக்கிட்டு வர்றேன். அடிச்சது நீ. நீயே சொல்லு, என்னா பதில் சொல்லட்டும்? வெள்ளாத்துப் பாலம் வந்துடிச்சி பாரு. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

— ஏங்க...

— ம்.

— யோசிச்சி செஞ்சதுன்னே சொல்லுங்க. பொய்யில்ல.

— எப்டி?

— தெரிஞ்சேதான் அடிச்சேன். கொன்னதுதான் கொன்னீங்க, எம்பேருதான் கெடச்சிதா?

— வேற பேரு யோசிக்கிறதுக்குள்ள ஸ்டாப்பிங் வந்துடிச்சிம்மா. வீட்டுல பொண்டாட்டி இருந்தா துப்பறியறவன் நெனச்ச நேரத்துக்கு வெளிய கெளம்ப முடியுமா, சொல்லு?

— நல்ல நியாயம்! என் சாவ என் கையாலயே டைப் அடிக்க வச்சீங்க. கண்ணுல தண்ணி வந்துடிச்சி, தெரியுமா? அடுத்தாப்ல வந்த வாய்ஸ்ல 'செல்வி, கேஸ் புக் பண்ணிட்டியா'ன்னு கேக்குறீங்க. செத்தவளுக்கு எதுக்குடா கேஸுன்னு வந்துது பாருங்க ஒரு கோவம்... அப்டியே கதைக்குள்ள எறக்குனேன். அப்பறம் வுடல. நீங்க எத்தினி தடவ கூப்புட்டீங்களோ, அத்தினி தடவயும் அவ உசுரோட எந்திரிச்சா.

— அடிப்பாவி...

— கோவமா?

— இல்ல.

— கோவமில்லன்னா காது ஏன் மறுபடி செவக்குது? இந்தப் பக்கம் வெயிலு கூட இல்ல.

— அஞ்சாம் அத்தியாயம் நீ அனுப்புன அன்னிக்கே படிச்சிட்டேன், செல்வி. சொன்னா நிறுத்திடுவியேன்னு வாய மூடிக்கிட்டேன். நீ தெரிஞ்சி செய்யிறியா, தெரியாம செய்யிறியாங்கிறது ஒண்ணுதான் எனக்குப் புரியல, அதான் சோதிச்சிப் பாத்தேன்... இல்லன்னா வாசல்ல மரத்த வச்சிக்கிட்டு எவனாவது பொண்டாட்டிய கறிவேப்பிலை வாங்கச் சொல்லுவானா?