முன்சக்கரம் தரையில் இருக்கட்டும்

நான் பேச்சை நீட்டிவிடுவேனோ என்ற அச்சத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, உழுது உழுது உள்ளங்கை காய்த்த பெரியோர்களே, சட்டைப்பையில் ஒரு குட்டி டிராக்டரையாவது ஒளித்து வைத்திருக்கும் சேகரிப்பாளர்களே, இந்த இரு கூட்டத்தாரையும் கட்டிக்கொண்டு, உதிரிப்பாகங்களுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் குடித்தனம் நடத்தும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஒர்க்‌ஷாப்காரியின் அன்பு வணக்கம்.

கைதட்டல் தாய்மார்கள் பக்கத்திலிருந்து மட்டும்தான் வந்தது. கவனித்துக்கொண்டேன்.

வெளியே மைதானத்தில் பெரிய டிராக்டர்கள் நிற்கின்றன. மண்ணை அறிந்தவை, மழையை அறிந்தவை. உள்ளே மேஜையில் சின்ன டிராக்டர்கள் நிற்கின்றன, தூசியைக்கூட அறியாதவை. வெளியே இருப்பவர் உள்ளே எட்டிப் பார்த்து, "வயசான காலத்துல பொம்மை வெச்சு விளையாடுறாங்க" என்கிறார். உள்ளே இருப்பவர் வெளியே எட்டிப் பார்த்து, "இவங்க வண்டியக் கழுவவே மாட்டாங்களா?" என்கிறார். நான் யார் பக்கம் பேசுவேன்? உழுகின்ற இரும்பும் எனக்கு உறவுதான். உள்ளங்கையில் அடங்கும் இரும்பும் எனக்கு உறவுதான். ஏனென்று கேட்டால், போன கண்காட்சியில் இதே மண்டபத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாரே, அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். வாழ்நாளில் டிராக்டர் ஓட்டியதில்லை. ஓட்டச் சொன்னால் ஓடிவிடுவார். ஆனால் குட்டி டிராக்டர் செய்வார். தங்கையின் கணவர் வைத்திருக்கும் பழைய டிராக்டரை அளவெடுத்து, மட்கார்டில் இருந்த நெளிசலைக்கூட விடாமல் செய்தார். கடிகாரச் சக்கரங்களை உள்ளே வைத்து, சாவி கொடுத்தால் ஓடும்படி செய்தார். அவருடைய மாப்பிள்ளை, அந்த நிஜ டிராக்டரின் சொந்தக்காரர், வீட்டிலேயே அதைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான், இதுக்கு டீசல் எத்தனை சொட்டு ஊத்தணும்?"

சிரியுங்கள். அன்று அந்த வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்களாம்.

நமது போட்டியில் ஒரு விதி உண்டு. ஓடும் மாதிரி என்றால், சங்கிலி கட்டி ஓர் இரும்புக் கட்டியை மேஜையில் இழுத்துக் காட்ட வேண்டும். நான்தான் நடுவர். கடிகாரக்காரர் சங்கிலியை மாட்டினார், சாவி கொடுத்தார், விட்டார். இரும்புக் கட்டி அசையவில்லை. டிராக்டரின் முன்சக்கரங்கள் எழுந்தன. எழுந்தன, எழுந்தன, ஒரே புரட்டில் வண்டி மல்லாந்துவிட்டது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

நான் குனிந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுப்பதற்கென்று பின்னால் தாழ்வாக ஒரு கொக்கி இருக்கிறதல்லவா? சங்கிலி அதில் இல்லை. மேலே, சீட்டுக்கு நெருக்கமாக, கலப்பையின் மேல்கம்பியைப் பூட்டுகிற இடத்தில் இருந்தது.

"யாருங்க இப்படி மாட்டச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலைங்க. மாப்பிள்ளை இப்படித்தான் மாட்டுவாரு. நான் பார்த்ததைத்தானே செய்வேன்?"

பக்கத்தில் அவர் தங்கை நின்றிருந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அண்ணே, அவரு இன்னைக்கு வரப்போரத்துல அந்தப் பெரிய அடிக்கட்டையப் பிடுங்கப் போறேன்னாரு" என்றார்.

போன் அடித்தோம். ஓடுகிற வண்டியின் சத்தத்தில் போன் கேட்குமா? என் ஒர்க்‌ஷாப் வேனில் ஏறினோம். தங்கை டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கடிகாரக்காரர் கவிழ்ந்த பொம்மையை மடியில் வைத்தபடி, "சும்மா பார்த்து வெச்சேன், சும்மா பார்த்து வெச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வயலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சங்கிலி விறைத்திருந்தது. முன்சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. அப்போது இந்த மனிதர், சட்டையில் அழுக்குப் படாத இந்த மனிதர், சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, வண்டிக்கு எதிரே நின்று, பொம்மை டிராக்டரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

மாப்பிள்ளை கிளட்சை மிதித்தார். ஆபத்து என்று மிதிக்கவில்லை, எரிச்சலில் மிதித்தார். முன்சக்கரம் தொப்பென்று மண்ணில் இறங்கியது. எஞ்சினை அணைத்தார்.

"மச்சான், பொம்மை காட்ட இங்கயா வந்தீங்க? வேலை நேரத்துல விளையாட்டா?"

உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் எழும்பி, வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும் என்று சொன்னேன். நம்பவில்லை. "மேல மாட்டுனாத்தான்க்கா கட்டை மேல எழும்பி வரும். சின்னக் கட்டையெல்லாம் இப்படித்தான் பிடுங்கினேன். பொம்மை வேற, வண்டி வேற."

கடிகாரக்காரர் மண்ணைத் தட்டிச் சமமாக்கினார். பொம்மையை வைத்தார். அந்த அடிக்கட்டையின் வேர் ஒன்றிலேயே குட்டிச் சங்கிலியைக் கட்டினார், மேலே, அவர் பார்த்தபடியே. சாவி கொடுத்தார், விட்டார்.

எழுந்தது. புரண்டது. அந்தக் குட்டி சீட் மண்ணுக்குள் புதைந்தது.

மாப்பிள்ளை அந்தச் சீட்டைப் பார்த்தார். திரும்பித் தன் சீட்டைப் பார்த்தார். வரப்பில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு போய்ச் சங்கிலியைக் கழற்றி, கீழ்க்கொக்கியில் மாட்டினார். "அதையும் கீழ மாட்டுங்க மச்சான்" என்றார்.

என்ன கேட்கிறீர்கள்? போட்டியில் என்ன மதிப்பெண் போட்டேன் என்றா? தோற்றத்துக்கு முழு மதிப்பெண். இழுவைக்குப் பூஜ்ஜியம். கவிழ்ந்த வண்டிக்கு வேறென்ன போடுவது? அதற்காக அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போதும் பாருங்கள், கூரையைப் பார்க்கிறார்.

அவையோரே, இருவரில் யார் கெட்டிக்காரர்? ஓட்டத் தெரிந்தவருக்குத் தன் வண்டி எப்படி நிற்கிறது என்று தெரியவில்லை. பார்க்கத் தெரிந்தவருக்குத் தான் பார்த்தது என்னவென்று புரியவில்லை. இவர் கண்ணும் அவர் கையும் சேராமல் இருந்திருந்தால், இந்தத் தங்கை இன்று இந்த மண்டபத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? ஆகவே, பெரிய வண்டிக்காரர்களே, உங்கள் வண்டியை வரைந்து போக வருகிறவரை விரட்டாதீர்கள். சின்ன வண்டிக்காரர்களே, உங்களுக்குக் கோணலாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். அவசரமா? கீழே மாட்டுங்கள். அரைமணியில் மழையா? கீழே மாட்டுங்கள். அப்பன் காலத்திலிருந்து மேலேதான் மாட்டினோமா? அப்படியென்றால் இன்று முதல், தயவுசெய்து, கீழே மாட்டுங்கள். வீட்டில் ஒருவர் உங்களுக்காகச் சோற்றை மூடி வைத்திருக்கிறார்.

விழாவைத் தொடங்கி வைக்க மாப்பிள்ளையை மேடைக்கு அழைக்கிறேன். வாங்க தம்பி. அந்தப் பொம்மை இதோ இருக்கிறது. சைலன்ஸரில் வயல் மண் இன்னும் ஒட்டியிருக்கிறது, கடிகாரக்காரர் துடைக்க விடமாட்டார். சாவியை நீங்களே கொடுங்கள்.

பாருங்கள், கீழே மாட்டுகிறார். விட்டுவிட்டார். முன்சக்கரம் தரையில் இருக்கிறது. இரும்புக் கட்டி நகர்கிறது. மேஜையின் இந்த முனை வரைக்கும், என் கை வரைக்கும் வந்துவிட்டது.

கடிகாரக்காரரே, இழுவைக்கும் முழு மதிப்பெண். இப்போதாவது என்னைப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளும் தலைவருக்கும் நன்றி. எல்லோரும் முன்சக்கரம் மண்ணில் பதிய வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.