பளிச்சன் உடுப்பு

அந்தச் சேர்ல உக்காராதீய தம்பி, அதுல வயரு கெடக்கு. இந்தா, இதுல இருங்க. எங்க வீட்டுக்காரவுக வர இன்னும் அரமணி நேரம் ஆவும். தென்காசிக்குள்ள லைட்டு வாங்கப் போனா நாலு கட ஏறி எறங்காம வரமாட்டாக. வீடு கண்டுபிடிக்கச் செரமமா இருந்துச்சோ? செந்தில்வேல் வீடுன்னு கேட்டா இங்கன யாருக்கும் தெரியாது. சீரியல் லைட்டுக்காரர் வீடுன்னு கேட்டிருக்கணும். பாவூர்சத்திரத்துல இருந்து செங்கோட்ட வரைக்கும் கோயில் கொட, கல்யாணம், சடங்கு எல்லாத்துக்கும் இவுக லைட்டுதான்.

ஆமா, இவுக லைட்டு உடுப்பு மாட்டிட்டு நடக்க அந்த வீடியோவ நானும் பாத்தேன். குத்தாலத்துல எவனோ எடுத்துப் போட்டிருக்கான். கீழ எழுதியிருக்கதையும் வாசிச்சேன். பாதிப் பேரு கோட்டி, பைத்தியம்ங்கான், பாதிப் பேரு ஓட்டலுக்கு விளம்பரம்ங்கான். ரெண்டும் இல்ல. நீங்களும் ஏன் செஞ்சாருன்னு கேக்கத்தான வந்திருக்கீய? இவுககிட்ட கேட்டா வோல்ட்டு, ஆம்பியர்னு அதத்தான் சொல்லுவாக. ஏன்னு சொல்ல மாட்டாக. நான் சொல்லுதேன். அந்தக் கேமராவ மட்டும் அங்கிட்டு வச்சிருங்க.

எங்களுக்கு ஒத்தப் பிள்ள. வித்யாலட்சுமி. இப்பம் பத்து வயசு. உள்ளதான் படுத்து உறங்குதா.

மூணு வருசம் ஆச்சு. ஆடி மாசம், நல்ல சீசன். ஐந்தருவிக்குப் போயிருந்தோம். பொம்பளைக்குத் தனிப் பக்கம், ஆம்பளைக்குத் தனிப் பக்கம்லா. நானும் அவளும் குளிச்சிட்டு வந்து கடப்பக்கம் நிக்கோம். பொழுது மசங்குது, சாரலு வேற. துணியப் பிழிஞ்சிட்டுத் திரும்புதேன், பிள்ளையக் காணும்.

முக்கா மணி நேரம் தம்பி. அந்தக் கூட்டத்துல நான் போட்ட சத்தம் அருவிச் சத்தத்துல எடுபடல. கடசியில சிப்சு போடுத கட வாசல்ல ஒரு ஆளு கையப் புடிச்சிக்கிட்டு நிக்கா. அந்தாளு மலையாளத்துக்காரன். பாஷ தெரியாம, கைய உதறவும் மாட்டாம முழிக்கான். இவ அண்ணாந்து பாத்து, அப்பா, அம்ம எங்கப்பான்னு கேட்டுக்கிட்டே நிக்கா. அந்தாளும் இவுகள மாதிரி வெள்ளத் துண்டு கட்டியிருந்தான். அவ கண்ணுக்கு அம்புட்டுதான் தெரிஞ்சிருக்கு.

முன்னமே தெரியலியான்னு கேக்கீயளா? தெரியாம இல்ல, அதுக்கு முந்தியே பொழுது சாஞ்சா தட்டித் தடவித்தான் நடப்பா. மாலைக்கண்ணுன்னு நெனச்சேன். கேரட்டு, முருங்கக்கீர எல்லாம் குடுத்தேன். நாங்க சைவம். இருந்தும் மீன் எண்ண மாத்திர வாங்கி, என்ன மாத்திரன்னு சொல்லாம குடுத்தேன்.

ஐந்தருவிக்குப் பொறவுதான் திருநெல்வேலியில காட்டி, அங்க இருந்து மதுரைக்குப் போனோம். டாக்டர் எடுத்த எடுப்புல சொந்தத்துல கட்டுனீங்களான்னு கேட்டாரு. இவுக எனக்கு அத்த மகன். ஆமான்னோம். அவரு எழுதிக்கிட்டாரு. கண்ணுக்குப் பின்னால ஒரு திர இருக்காம்லா, அது ஓரத்துல இருந்து பட்டுக்கிட்டே வருதாம். குழா வழியாப் பாக்க மாதிரி ஆயிரும்னாரு. பொறவு குழாயும் அடச்சிரும்னாரு. அப்படிச் சொல்லல, நான் சொல்லுதேன். கண்ணாடி கெடையாது, ஆபரேசன் கெடையாது. ஆறு மாசத்துக்கு ஒருக்க கூட்டிட்டு வாங்கன்னாரு. எதுக்குன்னு கேக்கல நாங்க.

பஸ்ஸுல வரும்போது அவ எம்மடியில உறங்கிட்டா. கடையநல்லூரு தாண்டுனதும் இவுக வாயத் தொறந்தாக. இனிமே என் பிள்ள வேத்தாளு கையப் புடிக்கக் கூடாதுன்னாக. அவ்வளவுதான் பேசினது.

பளிச்சனா? அது அவ வச்ச பேரு. நோட்டுல ஒரு ஆளு வரஞ்சு வச்சிருந்தா. தலையில இருந்து காலு வரைக்கும் பல்பு. அருவிக்கு மேல பறந்து போயி, தண்ணியில அடிச்சிட்டுப் போற பிள்ளைகளத் தூக்கிட்டு வருவானாம். அந்த நோட்ட இவுக ஒரு நாள் முழுக்கக் கையிலயே வச்சிருந்தாக. மறுநாளு பழைய மழக்கோட்டு ஒண்ண விரிச்சுப் போட்டு சாக்பீசால கோடு கிழிக்க ஆரம்பிச்சிட்டாக.

லைட்டு போடுதவருக்கு இது என்ன பெரிய வேலன்னுதான் நானும் நெனச்சேன். பந்தலுக்குக் கட்டுத லைட்டு அசையாது தம்பி. மனுசன் அசைவான்லா. கைய ஒருக்க மடக்கினா முட்டிக்கிட்ட வயர ஈயம் வச்சு ஒட்டுன எடம் விட்டுரும். ஒட்டுவாக, நடப்பாக, விட்டுரும். பொறவு முட்டி, தோளு, முழங்காலு எல்லாத்துலயும் வயர இழுத்துக் கட்டாம வளச்சுத் தொங்க விட்டாக. அது நின்னுச்சு. நெஞ்சுக்கு யோகா பண்ணுத பாய வெட்டினாக. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்தா ஷூட்டிங்காரங்க வருவாகல்லா, அங்கன லைட்டு வேலைக்குப் போன எடத்துல ஒரு டிரஸ்காரரு சொல்லிக் குடுத்தது. அந்தப் பாய சூடு காட்டி வளச்சா இரும்புச் சட்ட மாதிரி நிக்குமாம். நின்னுச்சு.

பேட்டரிதான் பாடாப் படுத்திச்சு. மொதல்ல இடுப்புல பெரிய பேட்டரியக் கட்டிட்டு நடந்தாக. ரெண்டு பக்கமும் இடுப்புத் தொலி உரிஞ்சு போச்சு. பொறவு பழைய லேப்டாப்புக்குள்ள இருக்க செல்லுகள எடுத்துக் கோத்தாக. சாரல் பட்டா லைட்டு செத்துப் போவுதுன்னு, மீன் தொட்டி ஒட்டுத பசைய வாங்கி ஒவ்வொரு லைட்டுக் கண்ணா அடச்சாக. ஒரு நாளு முதுகுப் பக்கம் லைட்டு சூடேறி தொலி பொத்துப் போச்சு. இவுக கழத்தல. பிள்ள முன்னால நிக்காகல்லா. அவ பாத்து முடிக்க வரைக்கும் நின்னுட்டு, உள்ள வந்துதான் சட்டையப் பிரிச்சாக. நாந்தான் மருந்து போட்டேன். இப்பமும் தழும்பு இருக்கு, விரக்கட அகலத்துக்கு வரிசையா.

மொத தடவ மாட்டிட்டு நின்ன அன்னைக்குப் பிள்ள சிரிச்சது எனக்கு மறக்காது. சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கு. இவுக தெருக் கேட்டுல நிக்காக. அவ இந்த வாசப்படியில நிக்கா. இவுக கையில ஒரு சுச்சு. அத அமுக்க அமுக்கக் கலரு மாறும். என்ன கலருன்னு கேட்டாக. செவப்புன்னா. அடுத்து. நீலம். அடுத்து. பச்ச, மஞ்ச, வெள்ள. எல்லாம் சரியாச் சொல்லிட்டு, ஓடிப் போயி இவுக இடுப்பக் கட்டிக்கிட்டா. ஒரு இடத்துலயும் தட்டல. நேரா ஓடுனா.

பொறவு சீசன்ல வாரத்துக்கு ஒருக்க குத்தாலத்துக்கு இந்த உடுப்போடதான் போவோம். கூட்டத்துக்குள்ள இவுக முன்னால போவாக, அவ அந்த வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே எங்கையப் புடிக்காம பின்னாலயே வருவா. அடுத்த பிள்ளைக எல்லாம் வந்து போட்டோ எடுக்கும். இவுக நிப்பாக, ஆனா கண்ணு இவ மேலதான் இருக்கும். ஒரு ஓட்டல்காரரு வாசல்ல வந்து நில்லுங்க, சம்பளம் தாரேன்னாரு. மாட்டேன்னுட்டாக. இது என் மக உடுப்புன்னாக.

ஒரு வருசம் நல்லா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

பொறவு இவுக கேட்டுல நின்னா அவளுக்குப் பிடிபடல. இவுக அடிபம்புக்கிட்ட வந்து நின்னாக. அடுத்த தீவாளிக்கு துவைக்கிற கல்லுக்கிட்ட. கையில காலுல இருக்க லைட்டு அவ பார்வைக்குள்ள வரல. எல்லாத்தையும் பிச்சு நெஞ்சுக்கு நடுவுல கொண்டாந்து வச்சாக. அந்த வேலைக்கே ஒரு மாசம். முடிச்சு மாட்டிட்டு வந்தா, அப்பா, பளிச்சன் எளச்சிட்டான்னா. இவுக சிரிச்சாக. பங்குனியில இந்தப் படியில நீங்க செருப்பு விட்டிருக்கீயள்ளா, அங்கன வந்து நின்னாக. பவரக் கூட்டிக்கிட்டே போனாக. எனக்கு அதப் பாத்தா கண்ணு கூசும், திரும்பிக்கிடுவேன். அவ கண்ணச் சிமிட்டாம பாத்துக்கிட்டு நிப்பா.

ஆனா கலரு மட்டும் தப்பாது. கேட்ட உடனே சொல்லுவா. இவுகளுக்கு அதுல ஒரு தெம்பு. டாக்டர் சொன்னது அப்படியே நடக்கணும்னு இருக்கா, பேராச்சி, பாரு இன்னும் கலரு தெரியுதுல்லாம்பாக. நானும் ஆமாம்பேன்.

எனக்கு ஒரு நாளு வெளங்கிப் போச்சு தம்பி. சோத்துல கத்திரிக்காயும் இருக்கு, மாங்கா ஊறுகாயும் இருக்கு. அவ வெரலால தடவித் தடவி எது எதுன்னு பாக்கா. பட்டப்பகல். கலரு வரிசைய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. செவப்பு, நீலம், பச்ச, மஞ்ச, வெள்ள. கலர மாத்துத அந்த போர்டு அப்படித்தான் மாறும், வேற மாதிரி மாறாது. எத்தன தடவ கேட்டாகன்னு எண்ணிக்கிட்டுச் சொல்லுதா. நான் தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டேன். அவகிட்டயும் கேக்கல, இவுககிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்லுவீய? மூணு வருசமா ஒரு மனுசன் அந்த ஒத்த உடுப்புக்குள்ளதான் இருக்காரு.

இல்ல, அழல. புகை. மண்ணெண்ண வாடை உங்களுக்கு வரலியா, பக்கத்து வீட்டுல என்னமோ கொளுத்துதாக.

நீங்க படம் எடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. இவுக மாட்டிக்கிட்டு நிப்பாக, எடுங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு கேளுங்க, சந்தோசமாச் சொல்லுவாக. பிள்ளகிட்ட என்ன படிக்க, என்ன பிடிக்கும், அப்பா எப்படின்னு எது வேணும்னாலும் கேளுங்க. என்ன கலருன்னு மட்டும் கேட்டுறாதீய. வீடியோவுல அத எல்லாரும் கேக்கச் சொல்லி எழுதியிருக்காங்க, பாத்தேன். கேக்காதீய.

இவுகளுக்குத் தெரிஞ்சிரும்னு இல்ல தம்பி. அதான் சொல்ல வந்தேன். போன வெள்ளிக்கிழம சாயங்காலம், நான் அந்தக் கதவுக்கிட்ட வெளக்கு தொடச்சிக்கிட்டு இருந்தேன். இவுக உடுப்பு மாட்டிட்டு அவ முன்னால நிக்காக, கைய நீட்டுனா தொட்டுரலாம், அவ்வளவு பக்கம். செவப்பு கேட்டாக, சொன்னா. நீலம், சொன்னா. அடுத்து சுச்ச அமுக்குனாக. மெயின் சுச்ச. எல்லா லைட்டும் போச்சு. கருத்த சட்டையோட சும்மா நிக்காக. இது என்ன கலரு தாயின்னு கேட்டாக.

பச்சப்பா, நல்லா பளிச்சுன்னு இருக்குன்னா.

ஆமா தாயி, பச்சதான்னாக. அதோட விடல. அடுத்துன்னாக. மஞ்சன்னா. ஆமான்னாக. வெள்ளன்னா. ஆமான்னாக. ஒத்த லைட்டு எரியல. பொறவு உள்ள போயி, ஒண்ணொண்ணா கழத்தி, துணி மடிக்க மாதிரி மடிச்சு வச்சிட்டு, பச்ச கொஞ்சம் கம்மியா இருக்கு பேராச்சி, இன்னும் ரெண்டு மீட்டர் வாங்கணும்னு எங்கிட்ட சொன்னாக. நானும் வாங்குங்கன்னேன். அது வாங்கத்தான் இப்பம் போயிருக்காக.

இன்னைக்குக் காலையிலயும் மாட்டிட்டு வந்து அவகிட்ட கேட்டாக. அஞ்சு கலரும் சொன்னா. லைட்டு எரிஞ்சுதான்னு எனக்குத் தெரியாது. நான் அடுப்படிய விட்டு வெளிய வரல.