கேபிள் தவசி வீட்டுச் சாவு

நம் காலனியில் கேபிளை வெட்டிவிட்டு எதற்கு மாறலாம் என்று இவ்வளவு நேரம் ஆன்டெனா, ஆப், நெட் வேகம் எல்லாம் பேசியாயிற்று. இப்போது ஒரு குட்டிக் கதை கேளுங்கள். நீட்டி முழக்க மாட்டேன். எனக்கே அந்தப் பொறுமை கிடையாது.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே தவசி என்று ஒருவர், ஊருக்கெல்லாம் கேபிள் கொடுத்தவர். கூடவே ஒரு லோக்கல் சேனலும் நடத்தினார். அதில் பழைய படம் ஓடும், ஜவுளிக்கடை விளம்பரம் ஓடும்... அப்புறம், சாவு ஓடும்.

சிரிக்காதீர்கள். அந்த ஊரில் யாராவது கண்ணை மூடினால் முதல் போன் தவசிக்குத்தான். அடுத்து போட்டோ போகும். அவர் மனைவி இசக்கியம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படத்துக்கு மாலை போட்டு, பேர், தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அடிப்பாள். சோக நாதஸ்வரத்தோடு அது டிவியில் ஓடும். அவ்வளவுதான். போஸ்டர் கிடையாது. வீடு வீடாகப் போய்ச் சொல்வது கிடையாது. ஊரே திரண்டு வந்து நிற்கும்.

அப்புறம் ஊருக்குள் நெட் வந்தது. ஒருத்தர் மாடியில் குட்டி டிஷ் ஆன்டெனா ஏறியது. சந்தா கட்டாமல் சேனல், படம் பார்க்க ஆப். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். அவனும் கேபிளை வெட்டினான். அப்படியே தெரு, அப்படியே ஊர். தப்பா? தப்பே இல்லை. நானாக இருந்தால் முதல் ஆளாக வெட்டியிருப்பேன்.

தவசி இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. இசக்கியம்மாள் ஒருநாள் கேட்டாளாம். "ஏங்க, கொஞ்ச நாளா நம்மூர்ல யாருமே சாகலியே?"

அவர் சொன்னாராம், "நல்லதுதானட்டி. விடு."

அந்தத் தவசி ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இசக்கியம்மாள் என்ன செய்தாள்? அழுதுகொண்டே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் போட்ட மாலையைப் புருஷன் படத்துக்குப் போட்டாள். சாயங்காலம் எடுக்கிறோம் என்று அடித்தாள். ஹாலில் இருந்த டிவியைப் போட்டுப் பார்த்தாள். ஓடுகிறது. ஊருக்குச் சொல்லியாயிற்று.

வீடு ஊருக்கு வெளியே, புது மனைப் பக்கம். அக்கம்பக்கம் கிடையாது. மகள் முத்துச்செல்வி வெளியூரிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குத் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டதில் நாலைந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லாம் தடி ஊன்றுகிற வயசு. தோள் கொடுக்கிற ஆள் ஒருத்தன்கூட இல்லை. அந்த ஊரில் இன்னும் பாடை கட்டித் தோளில்தான் தூக்குவார்கள்.

மத்தியானம் ஆயிற்று. வாசலில் போட்ட நாற்காலி அத்தனையும் காலி. இசக்கியம்மாள் மகளிடம் சொன்னாள்,

"சாப்பிட்டுட்டு வருவாவட்டி. டிவில ஓடுதுல்லா."

வெயில் இறங்கியது... ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

"கடை அடைச்சுட்டு வருவாவ. உங்கப்பா சாவுக்கு வராம இருப்பாவளா?"

முத்துச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. "யம்மா... நான் வரும்போது பாத்தேன். மாடிக்கு மாடி டிஷ் நிக்கி. யார் வீட்லம்மா நம்ம கேபிள் இருக்கு?"

"எல்லா வீட்லயும்தான். உங்கப்பா ஒண்ணும் சொல்லலியே."

புரிகிறதா உங்களுக்கு? அந்தச் சாவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு டிவியில். செத்தவர் வீட்டு டிவியில்!

மகள் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் பறந்தாள். டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாவு மில் லூர்து அவளைப் பார்த்துவிட்டார். தவசியின் சிநேகிதர்.

"ஏ தாயி, எப்ப வந்த? எங்க உங்கப்பன்? கேபிள வெட்டிட்டேன்னு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கானா? டீ குடிக்கக்கூட வரல இன்னிக்கு!"

கடையே சிரிக்கிறது. அவள் நின்றாள்.

"அப்பா காலையிலேயே போயிட்டாவ மாமா. தூக்க ஆள் இல்ல."

லூர்து டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்லுத... ஒரு வார்த்தை சொல்லலியே?"

"டிவில போட்டிருக்கு மாமா."

அதற்கப்புறம் அந்தக் கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லூர்து அம்மா செத்தபோது ஊரைக் கூட்டியது அந்த டிவிதான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கும் அதேதான். எழுந்தார்கள். கடைக்குக் கடை கத்திக்கொண்டே போனார்கள். பைக்கிலும் ஆட்டோவிலும் ஊரே புது மனைக்கு ஓடியது.

வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் இசக்கியம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாட்டி? டிவி பாத்துட்டு எப்படி வந்திருக்காவ பாரு!"

"ஆமாம்மா" என்றாள் முத்துச்செல்வி. லூர்து தலையைக் குனிந்தபடி பாடை கட்டப் போனார்.

இதைக் கேட்டதும் "அப்போ கேபிளை வைத்துக்கொள்ளச் சொல்கிறாயா தம்பி" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை! வெட்டுங்கள். தாராளமாக வெட்டுங்கள். ஆனால் ஒரு வயரை வெட்டும் முன்னால், அதில் என்னென்ன வந்துகொண்டிருந்தது என்று பார்க்க மாட்டீர்களா? படம் வந்தது. அதை ஆப் இன்னும் நன்றாகத் தரும். சீரியல் வந்தது. ஆன்டெனாவில் அதற்கும் குறைவில்லை. பக்கத்துத் தெரு வந்ததே... அதை எதில் வாங்கப் போகிறீர்கள்? கொரியாக்காரன் கதை உங்கள் கைக்குள் இருக்கிறது. தெருக்கோடி வீட்டில் பாடை கட்டுவது தெரியவில்லை. நினைத்தால் பதறவில்லையா?

எந்த ஆப்பும் அதைச் சொல்லாது. சொல்லும் என்று எதிர்பார்ப்பது முட்டாள்தனம். அது ஒரு ஆள் செய்ய வேண்டிய வேலை. நம் காலனியில் நாளைக்கு ஒரு உயிர் போனால் கடைசித் தெரு வரைக்கும் போய்ச் சொல்லப் போவது யார்? எனக்கு வியாக்கியானம் வேண்டாம். ஒரே ஒரு பேர் சொல்லுங்கள்.

...

என்னங்க, இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு பேர்கூட வரவில்லையே?