சம்பந்தியோடு சனிக்கிழமை

பியர்பொன்ட்ஸ் புறநகருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் சொன்னார்:

“கறுப்பு பியர் எனக்குச் சரிவராது. அதைச் சம்பந்தியின்ர பக்கம் தள்ளிவிடுவன்.”

“எங்கை அண்ணை?”

“ஒரு பப்பில. அதுக்கு ஊர் முழுக்கக் கிளை. ஒவ்வொண்டிலயும் தாங்களே வடிச்ச பியர். ருசி பார்க்கச் சின்னச் சின்னக் கிளாஸில தருவினம். சனிக்கிழமையில ஒவ்வொரு கிளையாப் போறம்.”

“அவர் பிரெஞ்சுக்காரரெல்லோ. என்ன கதைப்பியள்?”

“கதையில்லை. குடிச்சிட்டு ஆளையாள் முகத்தைப் பார்ப்பம். நல்லதெண்டால் தலையாட்டுவம்.”



“அண்ணை, உங்கட மகளும் அவற்ற மகனும் போன வருசமே டிவோர்ஸ் எடுத்திட்டினமெல்லோ?”

“ஓம். பிரிஞ்சது அவையள்தானே.” பெரியவர் இறங்குவதற்கு மணியை அடித்தார். “மகளிட்டைச் சொல்லிப்போடாதை. கோயிலுக்கெண்டுதான் வெளிக்கிடுறனான்.”