இருமும் கானாங்கோழி

அண்ணி: கொழுந்தனாரே, இந்த வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்க.

கொழுந்தன்: "கொழுந்தனாரே"ன்னு ஆரம்பிச்சா ஏதோ வம்பு வருது. தம்பின்னே கூப்பிடுங்க அண்ணி.

அண்ணி: சரி தம்பி. சதுப்புக்கு மேக்குக் கரையில நீ உக்காந்த. கிழக்குக் கரையில நான். நீ குறிச்ச கானாங்கோழி எல்லாம் என் பக்கம் கூவியிருக்கு. நான் குறிச்சது எல்லாம் உன் பக்கம்.

கொழுந்தன்: அதுக்கு நம்ம மூஞ்சி பிடிக்கல போல.

அண்ணி: ரெண்டு பேர் மூஞ்சியுமா?

கொழுந்தன்: உங்க மூஞ்சி அண்ணனுக்குப் பழகிடுச்சு. பறவைக்கு நாளாகும்ல...

அண்ணி: உதை வாங்குவ. நாளைக்குக் காலையில இந்த அறிக்கை அதிகாரி மேசைக்குப் போகணும். அழிஞ்சுட்டு வர்ற புள்ளிக் கானாங்கோழி இங்க இருக்குன்னு நாம காட்டினாத்தான் சதுப்பு தப்பிக்கும். இல்லேன்னா திங்கக்கிழமை மண் லாரி வந்துடும். மூடிட்டுக் கிடங்கு கட்டிடுவாங்க.

கொழுந்தன்: அதான் ரெண்டு பேரும் கேட்டிருக்கோமே! கையெழுத்தைப் போடுங்க, அனுப்பிடலாம்.

அண்ணி: பொறு. நடுச் சேத்துல கம்பு நட்டு ஒலிப்பதிவுப் பெட்டி ஒண்ணு கட்டினோமே, அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்.

கொழுந்தன்: அது... அது வேலை செஞ்சுதா? தண்ணி புகுந்திருக்கும்னு நெனச்சேன்.

அண்ணி: நெனச்சியா, வேண்டிக்கிட்டியா?

கொழுந்தன்: ஐயோ அண்ணி...

அண்ணி: இந்தா, காதுல மாட்டு. "ஹ்விட்... ஹ்விட்... ஹ்விட்". அப்புறம் என்ன?

கொழுந்தன்: ...தவளை.

அண்ணி: தவளை இருமுமா?

கொழுந்தன்: சேத்துலயே கெடக்கு, சளி பிடிச்சிருக்கும்.

அண்ணி: யார்கிட்ட காது குத்துற? நமக்குப் பயிற்சிக்குக் கொடுத்த பதிவு இது. கடைசியில இருமுறது நம்ம ஆய்வகத் தலைவர். நீ ஸ்பீக்கர்ல போட்டுப் பறவையைக் கூப்பிட்டிருக்க!

கொழுந்தன்: அது வந்து அண்ணி...

அண்ணி: என்ன வந்து? முட்டையிடுற காலத்துல பதிவைப் போடக்கூடாதுன்னு தெரியாது? வேற கோழி வந்துடுச்சுன்னு கூட்டை விட்டுட்டு ஓடி வரும். அதுக்குள்ள காக்கா முட்டையைக் கொத்திட்டுப் போயிடும்.

கொழுந்தன்: தெரியும் அண்ணி. எட்டு நாள் ஒரு சத்தமும் இல்ல. பயந்துட்டேன். ஒரே ஒரு தடவைன்னுதான் போட்டேன். உடனே எதிர்க்கரையிலேர்ந்து பதில் வந்துச்சு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்புறம் தினமும்...

அண்ணி: ...எதிர்க்கரையிலேர்ந்தா?

கொழுந்தன்: ஆமா. உங்க பக்கத்துலேர்ந்து. இருங்க... இதுல ரெண்டு இருமல் கேக்குதே. ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு?

அண்ணி: அந்த ஜன்னலை மூடு. வெளியில கேக்கும்.

கொழுந்தன்: அண்ணி!

அண்ணி: எனக்கு மட்டும் பயம் இருக்காதா? எனக்கும் உன் பக்கத்துலேர்ந்து பதில் வந்துச்சு. சந்தோஷத்துல உங்க அண்ணனை இனிப்பு வேற வாங்கிட்டு வரச் சொன்னேன்.

கொழுந்தன்: பாதி டப்பாவைக் காலி பண்ணது நான்தான்... ஆக, அத்தனை நாளும் நான் உங்களைக் கூப்பிட்டிருக்கேன், நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கீங்க.

அண்ணி: வீட்டுல பத்துத் தடவை கூப்பிட்டாலும் "என்ன"ன்னு கேக்க மாட்ட. அங்க மட்டும் உடனுக்குடன் பதில்!

கொழுந்தன்: சிரிக்காதீங்க அண்ணி. சதுப்பு போச்சே...

அண்ணி: அழுதா அறிக்கை நனைஞ்சுடும்னு சிரிக்கிறேன்ப்பா. நடந்ததை நடந்தபடி எழுதிடலாம். பொய்யைச் சொல்லி இதைக் காப்பாத்திட்டா, அடுத்த சதுப்புக்கு நம்ம பேச்சை எவன் நம்புவான்?

கொழுந்தன்: எழுதுங்க. ...ஒரு நிமிஷம். இந்தச் செவ்வாய்க்கிழமையில கூவல் இருக்கு, இருமலே இல்ல. அன்னிக்கு மட்டும் இருமலுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களா?

அண்ணி: நான் எங்க நிறுத்தினேன்? நீ நிறுத்தியிருப்ப.

கொழுந்தன்: நான்... திட்டக்கூடாது. அன்னிக்கு நான் போகவே இல்ல. கொட்டுற மழை, தூங்கிட்டேன். நீங்க எப்படியும் கேட்டிருப்பீங்கன்னு படிவத்துல "ஒரு கூவல்"னு சும்மா எழுதி வெச்சேன். அப்ப இது நீங்க போட்டதுதான?

அண்ணி: தம்பி... அந்த மழையில நானும் போர்வையை விட்டு எழுந்திரிக்கவே இல்லப்பா!