லுச்சி மாவில் பழகிய விரல்

கொல்கத்தா கரியாஹாட்டில் பஸ் ஏறிய நிறைமாதக்காரி பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். கணவன் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் உரக்கவே பேசினார்கள். நான் பின்சீட்டில் இருந்தேன்.

"காலைல லுச்சி மாவை அழுத்திப் பழகினேன். கட்டைவிரல் இப்போ நல்லா பதியுது" என்றான் அவன். வங்காளிகளின் பூரிதான் லுச்சி.

"அதான் லுச்சி உப்பவே இல்லையா?"

"வலி வரும்போது உன் இடுப்புல அப்படித்தான் அழுத்தணுமாம். ஷியாட்சு மசாஜ் டீச்சர் சொன்னாங்க."

"புருஷனை லேபர் ரூமுக்குள்ள விடமாட்டோம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."



"அப்போ ஆஸ்பத்திரி ஆயா மாஷிக்குச் சொல்லிக்கொடுத்துடறேன்."

"எப்படி? அவங்க இடுப்பைப் பிடிச்சா?"

"மாவுலதான்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பவானிபூர் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அவள் அவன் கையை இழுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினாள்.

"இந்த இடம் மாசமா இருக்கறவளுக்கு ஆகாதுன்னாங்க. உங்களுக்கு ஆகும். வெளியில நிக்கும்போது அழுத்திக்கோங்க."

"எனக்கு என்ன?"

"பஸ் நின்னாச்சு. உங்க கை இன்னும் ஆடுதே."